தட்டில் நிற்கும் ஆலமரம்

பெங்களூருவில் இருந்து மைசூரு சாலையில் சென்று, கெங்கேரியைத் தாண்டி உள்ளே திரும்பினால் கேத்தோஹள்ளி என்ற ஊர் வரும். அங்கே ஒரே ஓர் ஆலமரம் சுமார் 3 ஏக்கர் நிலத்தில் படர்ந்து நிற்கிறது. கன்னடத்தில் அதற்கு "தொட்ட ஆலத மர" என்று பெயர். பெரிய ஆலமரம் என்று பொருள். வயது 400 இருக்கும் என்று சொல்கிறார்கள். தாய்மரம் நோய் கண்டு அழிந்துவிட்டது. ஆனால் அது இறக்கிய விழுதுகள் ஒவ்வொன்றும் தனி மரம் போல் நின்று இன்றும் நிழல் தருகின்றன.

அதே ஆலமரத்தைச் சாப்பாட்டுத் தட்டு அகலமே உள்ள ஒரு தொட்டியிலும் நிறுத்தலாம். உயரம் ஒன்றரை அடிதான் இருக்கும். ஆனால் அடிமரம் முறுக்கேறி, கிளைகள் விரிந்து, தூரத்தில் நிற்கும் பெருமரத்தைப் பார்ப்பது போலவே இருக்கும். சில மரங்களில் விழுதுகூட இறங்கி மண்ணைத் தொட்டிருக்கும். லால்பாக் தோட்டத்தில் இத்தகைய மரங்களுக்கு என்றே ஒரு பகுதி உண்டு. குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி அங்கே நடைபெறும் மலர்க் கண்காட்சிகளிலும் இவற்றைப் பார்க்கலாம். "இது நிஜ மரமா, பிளாஸ்டிக்கா?" என்று குழந்தைகள் கேட்பார்கள்.

நிஜ மரம்தான். இதற்குப் "போன்சாய்" என்று பெயர். இது ஜப்பானியச் சொல். "போன்" என்றால் ஆழம் குறைந்த தட்டு. "சாய்" என்றால் நடுதல். தட்டில் நட்ட மரம் என்பதுதான் பொருள்.

குட்டை ஜாதி அல்ல

போன்சாய் என்பது தனியான ஒரு குட்டை ஜாதி என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. போன்சாய் விதை என்று ஒன்று கிடையாது. காட்டில் 60 அடி வளரும் மரமும், தட்டில் ஒன்றரை அடியில் நிற்கும் மரமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம். தட்டில் உள்ள மரத்தை நாளைக்கே எடுத்து நிலத்தில் நட்டால், அது மற்ற மரங்களைப் போலவே ஓங்கி வளரத் தொடங்கிவிடும்.

மரத்தைச் சிறிதாக வைத்திருப்பவை மூன்று. ஒன்று, வேர் பரவ இடம் குறைவு. இரண்டு, அவ்வப்போது வேரைக் குறைத்து விடுவது. மூன்று, நுனிக் கொழுந்தைக் கிள்ளி விடுவது. நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் இரண்டு தளிர் வரும். அவற்றையும் கிள்ளினால் நான்கு வரும். இப்படியே கிளை அடர்ந்து, இலையும் நாளடைவில் சிறுத்துவிடும்.

பூவும் காயும் மட்டும் சிறுப்பதில்லை. போன்சாய் எலுமிச்சையில் காய்ப்பது வழக்கமான அளவுள்ள எலுமிச்சம்பழம்தான். சிறு கிளை பாரம் தாங்காமல் வளைந்து நிற்பது வேடிக்கையாக இருக்கும்.

சீனாவில் பிறந்தது

இந்தக் கலையை ஜப்பானியர் கண்டுபிடித்ததாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இது சீனாவில் பிறந்தது. கி.பி. 706-ல் கட்டப்பட்ட சீன இளவரசர் ஒருவரின் கல்லறைச் சுவரில், பணியாட்கள் தட்டில் சிறு செடியும் கல்லும் ஏந்திச் செல்லும் ஓவியம் காணப்படுகிறது. பின்னர் அது ஜப்பானுக்குச் சென்றது. 1309-ம் ஆண்டு ஜப்பானில் வரைந்த சித்திரச் சுருள் ஒன்றில் தொட்டி மரங்கள் இடம் பெற்றுள்ளன.

1923-ம் ஆண்டு டோக்கியோ நகரைப் பெரும் பூகம்பம் தாக்கியது. அங்கே போன்சாய் வளர்த்து வந்த தொழில்காரர்கள் இடம் இழந்தனர். நல்ல மண்ணும் நீரும் காற்றும் உள்ள இடம் தேடி, அருகில் உள்ள ஓமியா என்ற ஊருக்குக் குடி பெயர்ந்தனர். 1925-ல் அங்கே போன்சாய்க் கிராமம் ஒன்று உருவாயிற்று. அங்கே குடியேற விரும்பியவர்களுக்கு அந்நாளில் சில நிபந்தனைகள் இருந்தன. குறைந்தது 10 போன்சாயாவது வைத்திருக்க வேண்டும். பார்க்க வருபவர்களுக்கு வாசல் திறந்திருக்க வேண்டும். வீட்டுக்கு மாடி கட்டக் கூடாது. வேலியாக உயிர்வேலிதான் வைக்க வேண்டும். குடி பெயர்ந்து வந்தவர்கள் அமைத்த அந்தக் கிராமத்தைக் காண இன்று உலகெங்கும் இருந்து ஆட்கள் செல்கிறார்கள்.

நமக்கு அருகிலேயே மைசூருவில், தத்த பீடத்தின் கணபதி சச்சிதானந்த ஆசிரமத்தில் பெரிய போன்சாய்த் தோட்டம் உள்ளது. 2016-ம் ஆண்டு அங்கே 2,600-க்கும் மேற்பட்ட போன்சாய் மரங்களை ஒரே இடத்தில் வைத்துக் காட்டியது கின்னஸ் சாதனையாயிற்று.

பணக்காரர் பொழுதுபோக்கா?

கடையில் ஒரு நல்ல போன்சாயின் விலையைக் கேட்டால் மாதச் சம்பளக்காரருக்குத் தலை சுற்றும். அந்த விலை மரத்துக்கு அல்ல. அதை யாரோ 10, 15 வருடம் பார்த்துக் கொண்டதற்கான கூலி ஆகும். அந்தக் கூலியை நாமே செலுத்தத் தயாராக இருந்தால் காசு அதிகம் தேவையில்லை.

கன்றுக்கு எங்கே போவது? தலையை நிமிர்த்திப் பார்த்தால் போதும். பழைய கட்டடங்களின் கைப்பிடிச் சுவரிலும், மழைநீர்க் குழாயின் ஓரத்திலும், பாலத்தின் கல் இடுக்கிலும் ஆல், அரசு, இச்சிக் கன்றுகள் முளைத்திருக்கும். பறவைகள் பழத்தைத் தின்று எச்சமிட்ட இடத்தில் எல்லாம் அவை முளைக்கும். சுவரைப் பிளந்துவிடும் என்பதால் கட்டடத்துக்காரர்களே அவற்றைப் பிடுங்கி எறிகிறார்கள். மழை பெய்து சுவர் நனைந்திருக்கும் சமயத்தில், உரியவரிடம் சொல்லிவிட்டு, கைக்கு எட்டும் இடத்தில் உள்ள கன்றை வேர் அறாமல் மெதுவாக இழுத்து எடுக்கலாம். பிடி மண்கூட இல்லாத சுவரில் பிழைத்த கன்றுக்குத் தொட்டி மண் பெரிய சொத்து ஆகும்.

தமிழ்நாட்டில் வேலிச் செடியாக வளரும் குரங்கு வெற்றிலையும் போன்சாய்க்கு ஏற்றது. சிறிய, பளபளப்பான இலை. சிறு வெள்ளைப் பூ. வெளிநாடுகளில் சீனத் தேயிலை மரம் என்று சொல்லி விற்பது இதைத்தான். புளி, கொடுக்காப்புளி, காகிதப்பூ ஆகியவையும் நன்றாக வரும். காட்டில் புகுந்து மரங்களைத் தோண்டி எடுப்பது மட்டும் கூடாது. அது குற்றம் ஆகும்.

கடையில் வாங்குவோர் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தொட்டியின் மேல் கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டி இருந்தால் அந்தச் செடியை வாங்க வேண்டாம். தண்ணீர் உள்ளே இறங்காது. மண்ணின் நிலையையும் பார்க்க முடியாது.

முதல் நாளே தட்டு வேண்டாம்

புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு, விரல் பருமன் உள்ள கன்றை முதல் நாளே சின்னத் தட்டில் வைத்துவிடுவதுதான். தட்டில் வைத்த பிறகு அடிமரம் எளிதில் பருக்காது. பத்து வருடம் ஆனாலும் அது கன்றாகவே தெரியும்.

ஆகவே முதலில் 3, 4 வருடம் பெரிய தொட்டியில் வளர விட வேண்டும். பழைய பெயிண்ட் வாளியே போதும். அடியில் நாலு துளை இட்டு, மொட்டை மாடியில் வெயில் படும் இடத்தில் வைத்தால் சரி. அடிமரம் ஒரு கைப்பிடி அளவு பருத்த பிறகு, மேலே வெட்டிக் குறைத்து, புதுக் கிளைகளை உருவாக்கி, பிறகுதான் ஆழம் குறைந்த தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

மண் கலவையில் தண்ணீர் நிற்கக் கூடாது. ஈரம் மட்டும் நிற்க வேண்டும். செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய எரு ஒரு பங்கு, கரடான மணல் அல்லது உடைத்த செங்கல் துண்டு இரண்டு பங்கு என்று கலக்கலாம். துண்டுகள் மிளகு, உளுந்து அளவில் இருப்பது நல்லது. மாவு போல் உள்ள தூளைச் சலித்து எறிந்துவிட வேண்டும். அது அடியில் போய்ப் படிந்து துளையை அடைத்துவிடும். துளையின் மேல் ஒரு துண்டு நைலான் வலை வைத்தால் மண் ஒழுகாது.

வேரைக் குறைத்தல்

வளரும் மரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மண் மாற்ற வேண்டும். முதிர்ந்த மரத்துக்குச் சற்றுத் தள்ளிச் செய்யலாம். தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றால், வேர் தொட்டியை அடைத்துவிட்டது என்று பொருள்.

ஆல், அரசு, இச்சி வகைகளுக்கு ஜூன், ஜூலை மழை மாதங்கள் ஏற்றவை. மரத்தை மெல்லக் கழற்றி, சுற்றிச் சுருண்டிருக்கும் வேர்களைக் குச்சியால் பிரித்து, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கூரிய கத்தரியால் குறைக்க வேண்டும். கீழ்நோக்கிச் செல்லும் தடித்த வேரைக் குறைத்து, பக்கவாட்டில் பரவும் மெல்லிய வேர்களை விட்டு வைக்க வேண்டும். மரத்துக்கு உணவு எடுத்துக் கொடுப்பவை அவைதான். பிறகு புது மண்ணில் அமர்த்தி, அசையாதபடி கம்பியால் தொட்டியோடு கட்டி, இரண்டு மூன்று வாரம் நிழலில் வைக்க வேண்டும். அந்தச் சமயத்தில் உரம் இடக் கூடாது.

இதைச் சிலர் கொடுமை என்கிறார்கள். ஆனால் வெட்டிய இடத்தில் இருந்து புதிய வேர்கள் கிளம்பும். அதனால் மரம் இளமையோடு இருக்கிறது. பட்டினி போட்டுக் குறுக வைப்பது போன்சாய் அல்ல. பட்டினி கிடக்கும் மரம் தளிர் விடாது. தளிர் விடாத மரத்தில் வெட்டிச் சீராக்க எதுவும் இருக்காது.

கத்தரியும் கம்பியும்

ஒரு தளிரில் ஆறேழு இலை வந்ததும் இரண்டு இலையை விட்டு மீதியைக் கத்தரிக்க வேண்டும். ஆல் வகை மரங்களை வெட்டினால் பால் வடியும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்தால் நின்றுவிடும்.

கிளையை வளைக்க அலுமினியக் கம்பி அல்லது செம்புக் கம்பி சுற்றுகிறார்கள். பழைய மின்சார ஒயரின் உறையை உரித்துவிட்டு, உள்ளே உள்ள செம்புக் கம்பியைத் தணலில் காய்ச்சி ஆறவிட்டால் மெத்தென்று வளையும். கம்பி, கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். கிளையோடு சாய்வாகச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க வேண்டும். சுற்றிய பிறகு மறந்துவிடக் கூடாது. கிளை பருக்கும்போது கம்பி பட்டைக்குள் இறங்கிவிடும். அந்தத் தழும்பு பல வருடம் போகாது. ஆகவே வாரம் ஒரு முறை பார்த்து, அழுந்தத் தொடங்கியதும் துண்டு துண்டாக வெட்டி எடுத்துவிட வேண்டும்.

வேப்பம் புண்ணாக்கையும் கடலைப் புண்ணாக்கையும் நாலைந்து நாள் ஊற வைத்து, தெளிந்த நீரை நிறையத் தண்ணீர் கலந்து மாதம் ஒரு முறை ஊற்றினால் உரமாகும். இலையின் அடியில் வெள்ளையாக மாவுப்பூச்சி தெரிந்தால், வேப்பெண்ணெயையும் சிறிது சோப்பையும் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம்.

வீட்டுக்குள் வைக்கலாமா?

வீட்டில் ஆலும் அரசும் ஆகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. அந்த மரங்களின் வேர் அஸ்திவாரத்தைப் பெயர்த்துவிடும். தொட்டியில் உள்ள மரத்துக்கு அந்தப் பயம் இல்லை. ஆனாலும் போன்சாயை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பது வேறொரு காரணத்தால் உண்மைதான். அதற்கு வெயில் வேண்டும். தினம் நாலைந்து மணி நேரமாவது நேர் வெயில் படாவிட்டால் தளிர் நீண்டு வெளுத்துவிடும். விசேஷ நாளில் ஒன்றிரண்டு நாள் கூடத்தில் வைத்து அழகு பார்க்கலாம். பிறகு மாடிப்படி ஓரத்துக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டு போய்விட வேண்டும்.

தண்ணீர் என்ற கடமை

நிலத்தில் நிற்கும் மரத்துக்கு மனிதன் தேவையில்லை. மழை பொய்த்தால் அது வேரை இன்னும் ஆழமாக இறக்கித் தண்ணீரைத் தேடிக் கொள்ளும். தட்டில் நிற்கும் மரத்துக்குத் தேட இடம் இல்லை. இரண்டு அங்குல மண்தான் அதன் பூமி. அந்த மண்ணுக்கு மழையும் கிணறும் வளர்ப்பவர் கைதான்.

இத்தனை குவளை என்று கணக்குச் சொல்ல முடியாது. ஊதுபத்திக் குச்சி ஒன்றை மண்ணில் செருகி, பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்க்க வேண்டும். குச்சி ஈரமாக இருந்தால் ஊற்ற வேண்டாம். உலரத் தொடங்கி இருந்தால் அடித் துளையில் வழியும் வரை ஊற்ற வேண்டும். மார்ச் முதல் மே வரை காலையும் மாலையும் தேவைப்படலாம். மழை நாட்களில் ஒரு சொட்டும் தேவைப்படாது. தினமும் கைக்கு வந்தபடி ஊற்றினால் வேர் அழுகி, இலை மஞ்சளாகி உதிரும். அதைத் தண்ணீர் போதாமை என்று எண்ணி மேலும் ஊற்றி மரத்தைக் கொன்றவர்கள் உண்டு.

ஊருக்குப் போகும்போது

பெங்களூருவில் வேலை செய்யும் ஒரு தமிழ்க் குமாஸ்தாவை எடுத்துக் கொள்வோம். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ லைன் வீட்டில் குடித்தனம். மாடிப்படித் திருப்பத்தில் ஓர் இச்சி மரம். அதை அவர் ஐந்து வருடமாக வளர்க்கிறார் என்று வைத்துக் கொள்வோம். சித்திரை மாதம் ஊரில் கோவில் திருவிழா வருகிறது. பள்ளிக்கூடம் விடுமுறை. குடும்பத்தோடு பத்து நாள் போக வேண்டும். கொளுத்தும் வெயில் காலமும் அதுதான். இரண்டு அங்குல மண்ணில் ஒரு நாள் தண்ணீர்தான் நிற்கும். அவர் ரெயிலில் இருந்து இறங்கி மூட்டை முடிச்சோடு படி ஏறும்போது, இலை எல்லாம் காய்ந்து, தொட்டால் நொறுங்கும் நிலையில் மரம் நிற்கும். ஐந்து வருட உழைப்பு ஐந்து நாளில் போய்விடும்.

போன்சாய் வளர்ப்பவர்களுக்கு நேரும் பெரிய நஷ்டம் இதுதான். பூச்சியால் செத்த மரங்களைவிட, வீட்டுக்காரர் ஊருக்குப் போனதால் செத்த மரங்கள் அதிகம் இருக்கும் எனலாம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. இரண்டு மூன்று நாள் என்றால், அகலமான ஒரு தாம்பாளத்தில் ஈர மணல் பரப்பி அதன்மேல் தொட்டியை வைத்து, நிழலான இடத்தில் விட்டுச் செல்லலாம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரைச் சற்று உயரத்தில் வைத்து, பருத்தித் துணியைத் திரியாக முறுக்கி, ஒரு முனையை வாளியிலும் மறுமுனையை மண்ணிலும் புதைத்தால் தண்ணீர் கசிந்து வந்துகொண்டிருக்கும். போவதற்கு ஒரு வாரம் முன்பே இதைச் செய்து பார்த்து, சரியாக வருகிறதா என்று தெரிந்து கொள்வது நல்லது.

அதற்கு மேல் என்றால் ஓர் ஆள்தான் வேண்டும். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரோ, எதிர் வீட்டு மலையாளியோ, மாடியில் இருக்கும் நம் ஊர்க்காரரோ யாரானாலும் சரி. "கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள்" என்று படி இறங்கும்போது சொல்லிவிட்டுப் போனால் பயன் இல்லை. ஒருவர் மறந்துவிடுவார். இன்னொருவர் பாசத்தில் தினம் ஒரு குடம் ஊற்றிவிடுவார். ஒரு வாரம் முன்பே அழைத்து, குச்சி செருகிப் பார்க்கும் முறையைக் காட்டி, அவர் கையாலேயே இரண்டு முறை ஊற்றச் சொல்ல வேண்டும். பதிலுக்கு யுகாதிக்கோ ஓணத்துக்கோ அவர் ஊருக்குப் போகும்போது அவர் வீட்டுத் துளசிக்கு நாம் தண்ணீர் ஊற்ற வேண்டும். பல வருடமாகப் படியில் பார்த்துத் தலையசைப்பதோடு நின்ற இரண்டு குடும்பங்கள் ஒரு தொட்டியால் பேசிப் பழகினால் அதுவும் நல்லதுதானே.

ஆகவே கன்றைத் தேடும் முன்பே, அதைப் பார்த்துக் கொள்ளும் இரண்டாவது ஆளைத் தேடிக் கொள்ள வேண்டும். முடிந்தால் வீட்டில் உள்ள ஒரு பிள்ளையைப் பழக்குவது இன்னும் நல்லது.

ஹிரோஷிமாவில் தப்பிய மரம்

ஒரு மரத்தைப் பலர் கை மாற்றிப் பார்த்துக் கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் ஒரு சாட்சி நிற்கிறது. அது ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன் மரம். 1625-ம் ஆண்டு முதல் போன்சாயாக வளர்க்கப்பட்டு வருவது. ஹிரோஷிமா நகரில் யமாகி என்ற குடும்பத்தார் அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர்.

1945-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி அந்த நகரின்மீது அணுகுண்டு விழுந்தது. யமாகி வீடு குண்டு விழுந்த இடத்தில் இருந்து சுமார் 3 கிலோ மீட்டர் தூரத்தில் இருந்தது. ஜன்னல் கண்ணாடிகள் சிதறின. வீட்டில் இருந்தவர்கள் சிறு காயங்களோடு தப்பினர். தோட்டத்துச் சுவருக்கு அருகில் இருந்த அந்த மரமும் தப்பியது.

1976-ல் அமெரிக்கா தன் 200-வது சுதந்திர ஆண்டைக் கொண்டாடியபோது, ஜப்பான் 53 போன்சாய் மரங்களை அன்பளிப்பாக அனுப்பியது. மசாரு யமாகி தம் குடும்பத்து மரத்தையும் அதில் சேர்த்துக் கொடுத்தார். குண்டு போட்ட நாட்டுக்கே அந்த மரம் சென்றது. தப்பிப் பிழைத்த கதை அங்கே பலருக்கும் தெரியாமலே இருந்தது. 2001-ல் அவருடைய பேரன்கள் இருவர் மரத்தைப் பார்க்கச் சென்றபோதுதான் அந்த விவரம் வெளியே வந்தது.

1625-ல் அதைத் தொட்டியில் வைத்தவர் யாராயினும், அவர் மறைந்து பல நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருக்குப் பின் வந்தவர்களும் போய்விட்டனர். ஆனால் இத்தனை காலத்திலும் யாராவது ஒருவர், வெயில் ஏறும் முன் அதன் மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றி இருக்கிறார். போர் நாட்களிலும் ஊற்றி இருக்கிறார். சில நாட்கள் விட்டிருந்தால் அந்த மரம் இன்று இல்லை.

லைன் வீட்டு மாடிப்படியில் நிற்கும் இச்சி மரத்துக்கும் அதே கணக்குத்தான். இந்த மழைக்காலத்தில் சுவரில் முளைத்த கன்று கண்ணில் பட்டால் எடுத்து வைக்கலாம். செலவு ஒரு பெயிண்ட் வாளி. தினம் பத்து நிமிடம். அடுத்த முறை ஊருக்கு டிக்கெட் எடுக்கும்போது, மரத்தைப் பார்த்துக் கொள்ளும் ஆளையும் அன்றே பேசி வைத்துவிட வேண்டும்.